முடி நடுகை: காயத்துக்குப் பிறந்த வைத்தியமும் கடல் கடந்த பயணமும்



இந்த மாதப் பேச்சின் தலைப்பைக் கண்டதும் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். வழுக்கை விழுந்த தலையில் முடி நடுகின்ற சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றித்தான் எழுதப்போகிறேன். சிரிப்புக்குரிய விடயமாகத் தோன்றினாலும், எங்கள் வீடுகளில் இது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருந்து எங்கள் இளைஞர்களும், ஐம்பது வயதைத் தொட்டவர்களும், துருக்கியின் இஸ்தான்புல்லுக்கும் சென்னைக்கும் விடுமுறை என்று சொல்லிப் போகிறார்கள், தொப்பியோடு திரும்புகிறார்கள். தலையில் சீழ் கட்டினாலும் வீட்டாருக்குச் சொல்வதில்லை, குடும்ப வைத்தியருக்கும் சொல்வதில்லை. காரணம் வெட்கம். முடி கொட்டுவதைவிட இந்த வெட்கம் ஆபத்தானது. இது எங்கிருந்து வந்த வைத்தியம், யாருக்காகத் தொடங்கிய வைத்தியம் என்று தெரிந்தால் வெட்கம் கொஞ்சம் குறையும் என்பது என் நம்பிக்கை.

போர்க்களத்தில் இருந்து தொடங்கும் கதை

தலைமுடியை எங்கள் முன்னோர் மானத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். தன் நிலையிலிருந்து தாழ்ந்த மனிதரைத் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். நேர்த்திக்கடன் என்று தலையை மழிக்கும்போது நாங்கள் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அது நாங்களாகக் கொடுப்பது. தானாகக் கொட்டும்போதுதான் மனம் நோகிறது.

ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோரிடத்தில் வைத்தால் அது உயிர் பிடிக்கும் என்ற அறிவு எங்கள் துணைக்கண்டத்துக்குப் பழையது. 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கு வெட்டப்பட்டது. பின்னர் பூனாப் பகுதியைச் சேர்ந்த ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை எடுத்து அவருக்குப் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி 1794 ஒக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மகசின்' சஞ்சிகையில் படத்தோடு வெளியாகி, ஐரோப்பிய வைத்தியர்களை வியக்க வைத்தது. அதற்குப் பின் 1822இல் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் டீஃபன்பாக் என்ற இளம் வைத்தியர், முடியையும் இவ்வாறு இடம் மாற்றலாமா என்று ஆராய்ந்து தன் பட்டத்துக்கான ஆய்வை எழுதினார்.

ஆனால் இன்றைய முறைக்கு வழி திறந்தவர்கள் ஜப்பானியர்கள். 1939இல் ஷோஜி ஒக்குடா என்ற தோல் வைத்தியர், சில மில்லிமீற்றர் அகலமான வட்டக் கத்தியால் முடியுள்ள தோலைத் துண்டு துண்டாக எடுத்து, முடியில்லாத இடத்தில் நட்டு வளர்த்துக் காட்டினார். அவர் நட்டது அழகுக்காக அல்ல. தீக்காயத்தாலும் விபத்தாலும் தழும்பு பட்ட தலைகளிலும், முடி இழந்த புருவங்களிலும்தான் நட்டார். 1943இல் தமுரா என்ற இன்னொரு ஜப்பானிய வைத்தியர் ஒவ்வொரு முடியாகப் பிரித்து நடும் முறையை எழுதினார். அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட அந்தக் கட்டுரைகள் மேற்குலகின் கண்ணில் படாமலே போயின. போர் மனிதரை மட்டுமல்ல, அறிவையும் புதைத்துவிடும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி அல்லவே.

நியூயோர்க்கில் இருந்து சிட்னிக்கு

வழுக்கை ஏன் விழுகிறது என்ற கேள்விக்கு 1942இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹமில்ரன் தெளிவான பதில் தந்தார். ஆண்மைக்குரிய ஹோர்மோனும் பரம்பரையும் சேர்ந்தே ஆண் வழுக்கையை உண்டாக்குகின்றன. எண்ணெய் வைக்காததாலோ, இந்நாட்டுக் குழாய்த் தண்ணீராலோ அல்ல.

1952இல் நியூயோர்க் தோல் வைத்தியர் நோர்மன் ஒரென்றைக் முதன்முதலாக ஆண் வழுக்கைக்கு முடி நட்டார். 1959இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் கண்டுபிடித்த உண்மை மிக எளிமையானது: பின்தலையிலிருந்து எடுத்த முடி, உச்சந்தலைக்கு வந்த பின்னும் பின்தலையின் குணத்தையே வைத்திருக்கும். அங்கே கொட்டாத முடி இங்கேயும் கொட்டாது. குடிபெயர்ந்தும் பிறந்த மண்ணின் குணத்தை விடாதவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் துண்டுகள் பெரியவை. ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் அகலம். நட்ட தலை பொம்மையின் தலை போல, கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. 1980களில் துண்டுகள் சிறுத்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொபி லிமர் என்பவர், பின்தலையில் ஒரு நீளக் கீலமாகத் தோலை எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்று தொடக்கம் நான்கு முடிகள் கொண்ட இயற்கையான கூட்டங்களாகப் பிரித்து நட்டார். 1994இல் அவர் அதை எழுதியபின் அது உலகம் முழுவதும் பரவியது.

இந்த வரலாற்றில் எங்கள் சிட்னிக்கும் ஓரிடம் உண்டு. 1989ஆம் ஆண்டளவில் இங்கே ரே வூட்ஸ் என்ற வைத்தியர், கீலம் வெட்டாமல், தையல் போடாமல், ஒவ்வொரு முடிக்கூட்டத்தையும் தனித்தனியாகத் துளைத்து எடுக்கத் தொடங்கினார். 2002இல் அமெரிக்க வைத்தியர்களான ராஸ்மன், பேர்ன்ஸ்ரைன் குழுவினர் இத்தகைய முறையை வைத்திய சஞ்சிகையில் விளக்கினர். இன்று 'எஃப்.யூ.ஈ' என்ற பெயரில் இஸ்தான்புல்லில் செய்யப்படுவது இதுதான். சிட்னியில் ஒரு வைத்தியர் முன்னோடியாகச் செய்த வேலைக்காக, சிட்னிவாசிகள் இன்று பாதி உலகம் தாண்டிப் போகிறார்கள். காரணம் செலவு. இந்நாட்டில் ஆண் வழுக்கைக்கு மெடிகெயர் கைகொடுக்காது.

மலிவு எங்கிருந்து வருகிறது?

முடி நடுகை ஆட்களின் நேரத்தைத் தின்னும் வேலை. ஒரே நாளில் இரண்டாயிரம், மூவாயிரம் கூட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, காயவிடாமல் குளிர்ந்த திரவத்தில் வைத்து, ஒவ்வொன்றாக நடவேண்டும். வைத்தியருக்குப் பதிலாகச் சம்பளம் குறைந்த உதவியாளர்கள் அதைச் செய்தால் விலை விழும். முடிச் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கென 1993இல் தொடங்கப்பட்ட சர்வதேசச் சங்கம், வைத்தியர் அல்லாதவர்கள் செய்யும் இத்தகைய நடுகைக்கு எதிராகவே ஒரு பிரசாரம் நடத்துகிறது.

எங்கள் சென்னையிலேயே 2016 மே மாதம் ஒரு துயரம் நடந்தது. மருத்துவப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவர் ஒருவர், முடி நடுகையின்போது உடல்நிலை மோசமாகி உயிரிழந்தார். அந்த நிலையம் பின்னர் மூடி முத்திரையிடப்பட்டது. 2019 மார்ச்சில் மும்பையில் வணிகர் ஒருவர், பல மணி நேரம் நீடித்த நடுகைக்குப் பின்னர் கடும் ஒவ்வாமைக்கான அறிகுறிகளுடன் இறந்தார். 2022 செப்ரெம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், முடி நடுகையைப் பயிற்சி பெற்ற பதிவுசெய்த வைத்தியரே செய்யவேண்டும் என்று வழிகாட்டல் வெளியிட்டது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. துருக்கியிலும் இந்தியாவிலும் திறமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் நலமாகவே திரும்புகிறார்கள். ஆனால் இது முடி வெட்டும் கடை வேலை அல்ல, சத்திரசிகிச்சை. அதில் பாதி வேலை மேசையை விட்டு எழும்பிய பிறகுதான் தொடங்குகிறது.

நட்ட பின்பு

ஊரில் மிளகாய்க் கன்று பிடுங்கி நட்டவர்களுக்கு இது இலேசில் விளங்கும். நட்ட முதல் நாட்கள் கன்று வாடி நிற்கும். பழைய இலை விழும். வேர் பிடித்த பின்தான் புதிய துளிர் வரும். தலையிலும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாட்கள் நட்ட முடிக்குச் சொந்த இரத்தக்குழாய் கிடையாது, சுற்றியுள்ள நீர்மத்தை உறிஞ்சியே உயிர் வாழும். பிறகுதான் நுண்குழாய்கள் வந்து சேரும். ஒன்பது பத்து நாட்கள் கழிந்தால், இழுத்தாலும் இலகுவில் கழராத அளவுக்கு அது ஊன்றிவிடும். ஆகவே முதல் பத்து நாட்களும் கன்றைக் காப்பதுபோல் காக்கவேண்டும். தலையை உயர்த்தி நிமிர்ந்து படுப்பது, சொறியாமல் இருப்பது, வைத்தியர் சொன்ன முறையில் மட்டும் கழுவுவது, பாரம் தூக்காமல் இருப்பது, சிகரெட்டையும் மதுவையும் விடுவது.

வெளிநாடு போகிறவர்கள் இங்கேதான் கணக்குப் பிழைக்கிறார்கள். இரண்டாம் நாள் தொடக்கம் நான்காம் நாள் வரை வீக்கம் நெற்றிக்கும் கண்ணுக்கும் இறங்கும். மலிவுப் பொதிகளில் மூன்றாம் நாளே விமானம். இஸ்தான்புல்லிலிருந்து சிட்னிக்கு இடையில் மாறி வர இருபது மணி நேரத்துக்கும் மேலாகும். வீங்கிய முகத்தோடு, காயம் காயாத தலையோடு நெரிசலான ஆசனத்தில் இருந்து வருவது சரியல்ல. குறைந்தது ஒரு கிழமையாவது அங்கே தங்கி, வைத்தியர் ஒருமுறை பார்த்த பின் ஏறுவதே புத்தி. வழமையான பயணக் காப்புறுதி இத்தகைய சிகிச்சையால் வரும் சிக்கல்களுக்குப் பொதுவாகப் பணம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கு ஏழு தொடக்கம் பத்து நாட்களில் விழும். இரண்டு கிழமைக்கும் ஆறு கிழமைக்கும் இடையில் நட்ட முடியும் கொட்டும். "காசும் போச்சு, முடியும் போச்சு" என்று பலர் மனம் உடைவது இந்தக் கட்டத்தில்தான். மனம் தளரவேண்டாம். விழுவது மேல் முடி, வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லியதாக முளைக்கும். ஒரு வருடத்தில் முழுப் பலன் தெரியும், உச்சந்தலைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செல்லும். தலைத்தோல் சில மாதம் மரத்திருக்கும். அதனால் வெயில் சுடுவது தெரியாது. இந்நாட்டு வெயிலில் தளர்வான தொப்பி கட்டாயம்.

ஆனால் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, தோல் கறுத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும். மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால் 000. எங்கே செய்தீர்கள், என்ன மருந்து தந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கிருந்து வரும்போதே அந்த விபரத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். எங்கள் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் காயம் ஆறப் பிந்தும், கிருமியும் இலகுவில் தொற்றும். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்கள் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே வைத்தியரைக் கேட்கவேண்டும்.

ஆங்கிலத்தில் விளக்குவது கடினமென்றால் அதற்கும் வழி உண்டு. 1973இல் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கிய தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இன்று 131 450 என்ற இலக்கத்தில் நாடு முழுவதும் இயங்குகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

தழும்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

எங்களில் செல்லடியாலும் குண்டுவீச்சாலும் தலையில் தழும்பு பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை. கண்ணாடி பார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்த நாள் திரும்பி வருகிறது. அவர்கள் ஒன்றை அறியவேண்டும். மெடிகெயர் அட்டவணையில் முடி நடுகைக்கென்று ஓர் இனம் உண்டு. ஆண் வழுக்கையை விலக்கி, பிறவியாலோ காயத்தாலோ நோயாலோ வந்த முடி இழப்புக்கு மட்டும் உரியது அது. தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு, ஆகவே பலனும் ஆளுக்கு ஆள் மாறும். முழுச் செலவும் கிடைக்கும் என்றும் எண்ணவேண்டாம். ஆனால் வெளிநாட்டுப் பொதிக்குக் காசு கட்டுமுன் குடும்ப வைத்தியரிடம் கதைத்து, நிபுணர் ஒருவருக்குக் கடிதம் கேளுங்கள். ஒக்குடா முதலில் கத்தியை எடுத்தது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

மற்றவர்களுக்கும் ஒன்று. பின்தலை முடி ஒரு சேமிப்பு. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் முன்னுக்கு நட்டால், நாற்பது வயதில் பின்னுக்கு வழுக்கை விழும்போது நட நாற்று இராது. போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவதென்றால் வீட்டாருக்குச் சொல்லிப் போங்கள், யார் கையால் நடுகிறார்கள் என்று கேட்டுப் போங்கள், திரும்பி வந்தபின் யார் காயத்தைப் பார்ப்பார் என்று தீர்மானித்துப் போங்கள். தலையில் முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை நலமாக வீடு திரும்பவேண்டும் என்பதே பெற்றவர்களின் விருப்பம்.