ஒரு படியும் பல படிகளும்

மலாக்கா மாநிலத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது பள்ளிக் குறிப்பேட்டையும் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டையும் ஆகும். அவை கையெழுத்துப் படிகள். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; மக்கள் நகரை நாடினர். இந்நிலையில் அவ்வொற்றைப் படியைக் கறையான் தின்றால் பள்ளியின் வரலாறும் உடன்போம்.

ஓரிடத்தில் ஒரு படியாக வைப்பதா, பல இடங்களில் பல படிகளாகப் பரப்புவதா என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. பனையோலை செல்லரிப்புக்கும் ஈரத்துக்கும் இரையாவது. ஆதலின் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் ஏடுகளைப் பெயர்த்தெழுதி வந்தனர். நூல் பிழைத்தது, பாடமோ பிளவுபட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதிய வழக்கம் குழப்பத்தை மிகுவித்தது. 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1887இல் அதனைப் பதிப்பித்தார். பல படிகள் இருந்தமையால் அவருக்கு உழைப்பு மிகுந்தது. ஆயினும் அவை இருந்தமையாலன்றோ நூலும் கிட்டியது! அவர்தம் பதிப்புகளில் வேறுபட்ட பாடங்கள் அடிக்குறிப்பாக இடம்பெற்றன. ஒன்றைக் கொண்டு மற்றதை எறிந்துவிடாத அப்பண்பு போற்றற்குரியது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. அரிய ஏடுகளும் நூல்களும் ஓரிடத்தே திரண்டிருந்தமையால் ஆராய்வோர் அலைய வேண்டியதில்லை. அதுவே அதன் பெருமை. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். வேறெங்கும் படியில்லாத சுவடியை எங்குப் பெறுவது?

இன்றைய கணினி அறிஞரும் இதே சிக்கலைத்தான் அவிழ்க்க முயல்கின்றனர். கூகுள் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஆய்வுரை, பொறிகள் பழுதாவது இயல்பே என்று கொண்டு, தரவின் ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக மூன்று படிகளாக வெவ்வேறு பொறிகளில் வைக்கும் முறையை விளக்கிற்று. படிகள் பெருகினால் அவற்றை ஒன்றுபோல் வைத்திருப்பது கடினம். படிகளுக்கிடையே தொடர்பு அறும்போது, பழைய செய்தியானாலும் விடை தருவதா, பிழை நேராதிருக்க வாய் மூடியிருப்பதா? இரண்டையும் ஒருங்கே பெறவியலாது என 2000இல் எரிக் புரூவர் கூறியதைக் கில்பர்ட், லிஞ்சு ஆகிய இருவரும் 2002இல் நிறுவினர். அமேசான் நிறுவனம் 2007இல் விளக்கிய டைனமோ என்னும் அமைப்பு விடை தருதலையே தேர்ந்தது; முரண்பட்ட படிகளை உடன்வைத்துப் பின்னர் இணக்கியது. சாமிநாதையரின் அடிக்குறிப்பை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

வங்கிக் கணக்கில் இரு வேறு தொகைகள் இருத்தலாகாது. ஆங்கு ஒருமையே வேண்டும். பள்ளிக் குறிப்பேட்டின் நிலை வேறு. பள்ளியில் ஒன்று, நகர நூலகத்தில் ஒன்று, முன்னாள் மாணவர் இல்லத்தில் ஒன்று என மூன்று படிகள் இருக்கலாம். எடுத்த நாளையும், எதிலிருந்து எடுத்தனர் என்பதையும் முதற்பக்கத்தில் குறித்துவிட்டால், பின்னொரு நாள் பெயரோ ஆண்டோ மாறுபடக் கண்டு ஒப்பிடுவோர் எது முந்தியது என அறிவர்.