ஓட்டுப் போடப் படித்த ஊர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தொடங்கிய ஆண்டு 1875. உள்ளாட்சியை மக்கள் பிரதிநிதிகள் கையில் கொடுக்கச் சொன்ன ரிப்பன் பிரபுவின் தீர்மானம் அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அன்று ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டக் கலெக்டரின் பெயரே நூலகத்துக்கு. ஆக, ஓட்டு வருவதற்கு முன்பே இந்த ஊருக்கு வாசகசாலை வந்துவிட்டது.

1884-இல் சென்னை மாகாணத்துக்கு நகராட்சிச் சட்டமும் தல ஸ்தாபனச் சட்டமும் கிடைத்தன. ஆனால் ஓட்டு, வரி கட்டும் சொத்துக்காரர்களுக்கு மட்டும். குடிசைவாசிக்கும் கூலிக்காரருக்கும் நகராட்சி என்பது உத்தரவு போடும் இடம். கேள்வி கேட்கும் இடமல்ல. பெரும்பாலோருக்கு எழுத்தும் தெரியாது. அதனால் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதே அந்தக் காலத்து அரசியல் வகுப்பு.

தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். இங்கே சாவடிகள் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தும் திருவிழாக் கணக்கும் பேசப்பட்ட இடங்கள் அவை. இந்த ஊர்க்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். அவர் ஆட்சியில்தான் 1950-ஆம் ஆண்டுக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. சொத்து, வரி என்ற தடை நீங்கி, வயது வந்த எல்லோருக்கும் பஞ்சாயத்தில் ஓட்டு என்பது நிலைபெற்றது. 1952 பொதுத்தேர்தலில் மக்கள் வயது வந்தோர் ஓட்டுரிமையின் வலிமையை முதலமைச்சருக்கே காட்டினார்கள், அவர் தோற்றுப்போனார். மனிதர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றமாயிற்று.

அதற்குச் சற்று முன்பே, 1948-இல், சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் கண்டது. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. வீட்டுவரி ரசீதைக் கூர்ந்து பார்த்தவருக்கு, தாம் கட்டும் காசில் ஒரு பங்கு படிப்புக்குப் போகிறது என்று புரிந்திருக்கும். அதே காலத்தில் கட்சிப் படிப்பகங்கள் தமிழகமெங்கும் தெருமுக்குகளில் முளைத்தன. ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, இரண்டு பத்திரிகை, வாசலில் கரும்பலகை, அவ்வளவுதான் முதலீடு. மில் ஊரான ராஜபாளையத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு டீக்கடைப் பத்திரிகையும் தொழிற்சங்கத்தின் வாயிற்கூட்டமும் இருந்தன. டெல்லிச் செய்தியும் தெருவில் அடைத்துக்கொண்ட வாறுகாலும் ஒரே பேச்சில் அலசப்படும்.

பிறகு நீண்ட வறட்சி. 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தபின் அடுத்தது 1986-இல்தான். பதினாறு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே உள்ளாட்சி ஓட்டுப் போடாமல் வளர்ந்தது. படிப்பகத்துப் பேச்சு கட்சிப் பேச்சாகச் சுருங்கியதில் வியப்பில்லை. வார்டு உறுப்பினரே இல்லாதபோது வாறுகாலைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

1994-இன் ஊராட்சிகள் சட்டம் கிராம சபையைத் தந்தது. 1996 தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. ஆனால் சட்டம் வந்ததாலேயே மனம் மாறிவிடாது என்பதற்கு இவ்விரு ஊர்களும் இன்று இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் சாட்சி. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காமல், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போல அங்கும் பத்தாண்டுகள் தேர்தல் முடங்கியது. அதிகாரிகள் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் 2006-இல் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

இன்று மக்களுக்கு உள்ளாட்சியைக் கற்றுக்கொடுக்கும் வேலையைத் தொண்டு அமைப்புகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. கிராம சபையில் எப்படிக் கேள்வி கேட்பது, தீர்மானம் எப்படி எழுத வைப்பது என்று ‘தன்னாட்சி’ சொல்லித் தருகிறது. நகரங்களில் பகுதி சபை வேண்டும் என்று சென்னையின் ‘அறப்போர் இயக்கம்’ உள்ளிட்டோர் வற்புறுத்தினர். விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, நகரங்களிலும் மக்கள் சபையாகக் கூடினர்.

கிராமங்களின் நிலைமை வேறு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் நடக்காததால் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. விருதுநகர் மாவட்டமும் அதில் அடக்கம். 1970-க்குப் பின் நேர்ந்ததை அறிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போன கூட்டத்தின் தீர்மானங்கள் என்னவாயின என்று கேளுங்கள். உங்கள் கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.