நைனிதால்: மலை இறங்கி வந்த சனிக்கிழமை

சென்ற மே மாதம் நானும் என் மனைவியும் ஒரு வாரம் நைனிதால் போய் வந்தோம். டில்லியில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் காட்கோதாம். 1884-இல் வந்த ரயில் பாதை இன்றும் அந்த ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. மேலே 35 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். எங்கள் படங்களை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். அதனால் படகு, ரோப் கார், மால் ரோடு கம்பளிக் கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த ஊரின் பழைய கணக்கு ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

'தால்' என்றால் ஏரி. நைனா தேவி கோயில் கொண்ட புனிதத் தலம் என்பதால் குமாவுன் மக்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறவில்லை. ஷாஜஹான்பூரில் சர்க்கரை வியாபாரம் செய்துவந்த பேரன் என்ற ஆங்கிலேயர், 1841-இல் பத்திரிகையில் எழுதி இந்த ஏரியை வெளியுலகத்துக்குத் தெரியப்படுத்தினார். ஏரியும் மலைகளும் தன்னுடையவை என்று உரிமை கோரியவர் நர் சிங். பேரன் 1842-இல் ஒரு படகை மலைமேல் கொண்டுவந்து, அவரை அதில் ஏற்றி நடு ஏரிக்கு அழைத்துப்போனார். உரிமையை விட்டுக்கொடு, இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கு என்றாராம். நர் சிங்குக்கு நீச்சல் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அவருக்கே பட்வாரி வேலை, அதாவது நம் ஊர்க் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது.

முப்பத்தைந்து வருடம் கையெழுத்துச் சரிபார்த்தவன் நான். பென்சிலில் எழுதிய தாளை நாங்கள் கவுண்ட்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். மிரட்டி வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று பி.காம். முதல் வருடத்திலேயே படித்தோம். ஆனால் அந்தச் சட்டம் வந்தது 1872-இல்தான். அதற்குள் அங்கே பங்களா, சர்ச், ஹோட்டல், கோடைக்கால அரசு அலுவலகம் எல்லாம் வந்துவிட்டன.

ஏரிக்கு மேலே நிற்கும் ஷேர்-கா-டண்டா என்ற மலை உறுதியான பாறை அல்ல. உடைந்து நொறுங்கிய பலகைக்கல். 1860-களிலேயே அந்தப் பக்கம் மண் சரிந்து, பாதுகாப்புக் குழுகூடப் போட்டார்கள். ஆனாலும் சரிவை வெட்டிச் சமன்படுத்திக் கட்டிடம் கட்டுவது நிற்கவில்லை.

1880 செப்டம்பர் 16, வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளி முழுக்கக் கொட்டியது. இரண்டே நாளில் 20 அங்குலத்துக்கு மேல். சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் விக்டோரியா ஹோட்டலுக்குப் பின்னால் சரிவின் ஒரு பகுதி இறங்கிச் சிலரைப் புதைத்தது. உடனே அதிகாரிகள், சிப்பாய்கள், கூலியாட்கள் எல்லோரும் ஓடிவந்து தோண்ட ஆரம்பித்தார்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்குள் மலையின் ஒரு பக்கமே கழன்று வந்தது. ஹோட்டல், கடை, நைனா தேவி கோயில், மக்கள் கூடும் அரங்கம் எல்லாம் போயின. இறந்தவர்கள் 151 பேர்: இந்தியர் 108, ஐரோப்பியர் 43. காலையில் புதைந்தவர்களை மீட்க வந்தவர்கள் பலர் அதில் அடக்கம். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மண்ணால் ஏரியோரத் திடல் இன்னும் அகலமாயிற்று. அதை 'ஃப்ளாட்ஸ்' என்கிறார்கள். இன்று பையன்கள் கிரிக்கெட் ஆடும், நாங்கள் சுட்ட சோளம் தின்ற இடம் அதுதான். கோயிலைப் பக்கத்தில் திரும்பக் கட்டினார்கள். ஜிம் கார்பெட்டுக்கு அப்போது ஐந்து வயது. அவருடைய குடும்பம் பிறகு எதிர்ப்பக்கத்து அயார்பட்டா மலையில் வீடு கட்டிக்கொண்டது. ஷேர்-கா-டண்டாவில் இருந்த கவர்னர் மாளிகையிலும் விரிசல் விட, அதையும் கைவிட்டு வேறு மலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. மலை முழுக்கக் கல் பாவிய கால்வாய்கள் வெட்டினார்கள். பெரியதோடு சிறியது சேர, சிறியதோடு இன்னும் சிறியது சேர, ஒரு மரத்தின் கிளைகளைப் போல. மழைத்தண்ணீர் மலைக்குள் இறங்காமல் நேரே ஏரிக்குப் போய்விட வேண்டும் என்பதே நோக்கம். நம் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி விரிசல் வழியாக நாலாவது மாடிக் கூரையில் சொட்டியதே, அதே கதைதான். அங்கே கூரைக்குப் பதில் மலை.

அந்தக் கால்வாய்கள் இன்னும் இருக்கின்றன. நடந்துபோகும் போது எட்டிப் பார்த்தேன். சிலவற்றில் தண்ணீர், சிலவற்றில் சிப்ஸ் பாக்கெட், சிமெண்ட் மூட்டை. ஊர் குடிக்கிற தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அஜய் சிங் ராவத் உச்ச நீதிமன்றம் போனார். கழிவுநீர் ஏரிக்குப் போவதைத் தடுக்க வேண்டும், ஊருக்குள் பல மாடி அடுக்குமாடிகள் கட்டக்கூடாது என்று 1995-இல் உத்தரவு வந்தது. அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு இதை ஆமோதிக்கிறேனே என்று மனைவி சிரித்தாள். 2018 ஆகஸ்டில் கீழ் மால் ரோட்டின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிந்தது.

சுற்றுவட்டாரம் பார்க்க இரண்டு நாள் போதும். பீம்தால், சாத்தால், ஒன்பது மூலை கொண்ட நௌகுசியாதால் என்று ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. எனக்குப் பிடித்தது முக்தேஷ்வர். 1893-லிருந்து அங்கே கால்நடை நோய் ஆராய்ச்சி நடக்கிறது. வானம் தெளிந்தால் நந்தாதேவி தெரியும். எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது.

நம் பிளாக்கில் யாராவது போவதாக இருந்தால் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை டிக்கெட் போடாதீர்கள். அக்டோபர் நல்லது. ஃப்ளாட்ஸில் சோளம் வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் ஷேர்-கா-டண்டா பக்கம் நிமிர்ந்து பாருங்கள். பாதி மலைவரை வீடுகள் ஏறியிருக்கின்றன.