ஓடின் தொங்கிய மரம்

நார்ஸ் மக்களின் பழங்கதைகளில் உலகங்களை இணைத்து நிற்பது இக்திரசில் என்ற ஆஷ் மரம். உச்சியில் ஒரு கழுகு, அடியில் வேரைக் கடித்துக்கொண்டே இருக்கும் நாகம், இரண்டும் ஒன்றையொன்று ஏசும் வசவுகளைச் சுமந்து மேலும் கீழும் ஓடும் ஓர் அணில். துளிரை மான்கள் மேய, ஒரு பக்கம் மரமே அழுகிக்கொண்டிருக்கிறது. தலைமைத் தெய்வமான ஓடின் ஈட்டிக் காயத்தோடு, அன்னம் தண்ணீர் இல்லாமல் ஒன்பது இரவுகள் ஒரு மரத்தில் தொங்கி ரூன் எழுத்துகளின் அறிவைப் பெற்றதாக ஹாவமால் பாடல் சொல்கிறது. அதுவும் இக்திரசில்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1951இல் மத வரலாற்றறிஞர் மிர்ச்சா எலியாடேயின் ஷாமனிய நூல் வந்த பிறகு இதைச் சைபீரியாவோடு சேர்த்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. மேளம் கொட்டி, நோயாளிக்காக ஆவியுலகம் போய்வரும் மந்திரப் பூசாரிதான் ஷாமன். சைபீரியாவின் அல்தாய் ஷாமன் பிர்ச் மரத்தில் படி வெட்டி, ஒவ்வொரு படியையும் ஒரு வானமாகக் கொண்டு ஏறுவார். இக்திரசிலும் அப்படியோர் ஏணி என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஷாமனியச் சாயல் ஓடினிடம் இருக்கிறது, மரத்திடம் இல்லை.

மரத்தை வணங்குவது ஜெர்மானிய மக்களின் சொந்த வழக்கம். பிரெமன் நகரப் பாதிரியார் ஆதாம் 1070களில் எழுதிய நூலோடு சேர்ந்த குறிப்பொன்று, ஸ்வீடனின் உப்சாலா கோயிலருகே எந்தப் பருவத்திலும் பசுமை மாறாத பெருமரத்தையும் பலியிடும் ஊற்றையும் சொல்கிறது. 1984இல் ஸ்வீடனின் ஃப்ரோசோ தீவில் தேவாலயத்தைத் தோண்டியபோது, பலிபீடத்தின் கீழே ஒரு பிர்ச் மரத்தின் அடிக்கட்டை அகப்பட்டது. சுற்றிலும் கரடி, எல்க் மான், பன்றி எலும்புகள். இவையெல்லாம் படையல் வைத்த மரங்கள். யாரும் ஏறியதாகச் செய்தி இல்லை. உலகையே மரமாகக் காட்டும் கீதையின் தலைகீழ் அரசமரத்துக்கும் ஷாமன் தேவைப்படவில்லையே.

ஓடினின் கதை வேறு. உடல் தூங்குவதுபோலவோ செத்ததுபோலவோ கிடக்க, அவர் பறவையாகவும் மீனாகவும் பாம்பாகவும் தூரதேசம் போய்வருவார் என்று 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதினார். இதற்கு ஒப்புமை தேடிச் சைபீரியா வரை போக வேண்டாம். சாமி என்னும் பழங்குடியினர் பக்கத்திலேயே இருந்தார்கள். லத்தீனில் எழுதப்பட்ட பழைய நார்வே வரலாறு ஒன்று அவர்கள் வீட்டில் நடந்ததை விவரிக்கிறது. நார்ஸ் வணிகர்கள் விருந்துக்கு உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரி திடீரென்று சாய்கிறாள். மந்திரக்காரர் சல்லடை போன்ற மேளம் ஒன்றை எடுக்கிறார்; அதில் திமிங்கிலம், கலைமான், துடுப்போடு படகு எல்லாம் வரைந்திருக்கின்றன. ஆடிப் பாடி அவரும் பிணமாக விழுகிறார். இன்னொருவர் வந்துதான் அவளை எழுப்புகிறார். கண்ணெதிரே இதைப் பார்த்தவர்கள் தங்கள் தெய்வத்தின் மேல் இதை ஏற்றிச் சொன்னதில் வியப்பில்லை.

ஓடின் மேளம் கொட்டவில்லை, நோயாளிக்காகப் போகவில்லை என்ற மறுப்பு நியாயமானது. அதனால் அவரை முழு ஷாமன் என்று நான் சொல்லமாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் நார்வே அறிஞர் சோஃபஸ் புக்கே எழுப்பிய மறுப்பு இன்னும் கடினம்: தொங்கும் கடவுள், ஈட்டிக் காயம், இது சிலுவையின் நகல். ஹாவமால் பாடல் நமக்குக் கிடைத்த ஐஸ்லாந்துக் கைப்பிரதியும் 1270ஐ ஒட்டியது. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியதோ அதற்கு முன்பே, 1000ஆம் ஆண்டு வாக்கில். ஆனால் உப்சாலாவின் சோலையில் மனித உடல்கள் தொங்கியதை ஆதாமே பதிவுசெய்திருக்கிறார். ஓடினுக்குத் தூக்குப்பலி அந்த மண்ணின் வழக்கம். மேலும், கிறிஸ்து பிறருக்காகப் பாடுபட்டார்; ஓடினோ தன்னையே தனக்குப் பலியிட்டு, அந்த அறிவைத் தானே எடுத்துக்கொண்டார்.