சேர்வராயன் மலையில் இரும்பும் ஈமமும்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் முற்காலத்தே இரும்புருக்கும் உலைகள் மிக்கிருந்தன. ஆகலின் ஆங்குக் கல்லறைப் பலகைகளையும் இரும்பில் வார்த்தனர். வாட்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் 1617 முதல் 1799 வரையுள்ள அத்தகைய பலகைகள் ஏறத்தாழ 30 உள.

சேலம் நாட்டிற்கும் இரும்பு புதிதன்று. கஞ்சமலைக் கனியை உருக்கிய கொல்லர் மரபு பழையது. 1830ஐ ஒட்டி ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் ஆலை நிறுவியதும் சேலத்துக் கனியை நம்பியே. எனினும் தமிழகத்துப் பெருங்கற்கால ஈமங்களில் இரும்பு அடையாளமாக மேலே நின்றதில்லை. மேலே கல், உள்ளே மட்கலங்களோடு கோடரியும் வாளும். இரும்பு ஈண்டு இறந்தார்க்குரிய உடைமை. வாட்ஹர்ஸ்டிலோ இருப்பார் படித்தற்குரிய ஏடு. நடுகல்லில் பெயர் பொறித்த தமிழர் இரும்பில் அதனைப் பொறிக்க எண்ணிலர் போலும்.

சேர்வராயன் மலையில் கிடைத்த இரும்புக் கருவிகளைத் தொகுத்தவர் இராபர்ட் புரூஸ் பூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்ட அறிஞர் இவரே. இவர்தம் மாமனார், 'தினவர்த்தமானி' நடத்திய பர்சிவல் பாதிரியார், 1882இல் ஏற்காட்டில் மறைந்தார் என்பது தமிழ் பயில்வார் அறியத்தக்கது. பூட் 1912இல் காலமானார். 1853இல் எழுந்த ஏற்காட்டுத் திரித்துவத் தேவாலயத்தில் அவர்க்கு நினைவுச் சின்னம் உண்டு. அவர் தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்குப் பெற்றது.

கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. அத்தொன்மையைச் சேர்வராயன் மலை இரும்பிற்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. பூட் சேர்த்தவை மண்ணடுக்கு நோக்கி முறையாக அகழ்ந்தெடுத்தவை அல்ல.