சாய்ந்த அச்சின் கணக்கர்

பெல்கிரேடு நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில் 1911-ஆம் ஆண்டில் இரு நண்பர்கள் அமர்ந்திருந்தனர். ஒருவர் இளங்கவிஞர், நாட்டுப்பற்றுப் பாடல்கள் அடங்கிய அவர்தம் நூல் அப்போதுதான் வெளிவந்திருந்தது. மற்றவர் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்து வந்த மிலுத்தின் மிலான்கோவிச். அடுத்த மேசையிலிருந்த வங்கி இயக்குநர் ஒருவர் அப்பாடல்களில் மனம் பறிகொடுத்து, பத்துப் படிகளை அங்கேயே விலைகொடுத்து வாங்கினார். (நூல் வெளியிட்டுக் கைப்பொருள் இழந்த கவிஞர் எவரும் அந்நாளின் களிப்பை நன்கு உணர்வர்.) காப்பி போய் மது வந்தது. களிப்பு மிகுந்த வேளையில் கவிஞர், தம் மக்களின் வாழ்வையும் உள்ளத்தையும் பாடும் பெரும்படைப்பு ஒன்றை ஆக்கப்போவதாகச் சூளுரைத்தார். நண்பரோ, அண்டம் முழுவதையும் தம் கைக்குள் அடக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மிலான்கோவிச்சே பிற்காலத்தில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. மதுக்கோப்பையின் முன் உரைத்த சூளை விடிந்தபின்னும் மறவாதிருந்ததே வியப்பு.

அவர் 1879-இல் பிறந்தவர். வியன்னாவில் பொறியியல் முனைவர் பட்டம் பெற்றுக் கான்கிரீட் கட்டுமானத்தில் பெயர் ஈட்டியவர். நல்ல வருவாயை விட்டு 1909-இல் பெல்கிரேடு வந்தவர். அண்டத்தை அடக்க அவர் பற்றிய நூல், புவி அச்சின் சாய்வு.

புவி ஞாயிற்றைச் சுற்றும் தளத்திற்குச் செங்குத்தாக நில்லாமல், அதன் அச்சு இன்று ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்துள்ளது. கோடையும் குளிரும் இச்சாய்வின் மக்கள். சாய்வு மாறா எண்ணன்று. பிற கோள்களின் ஈர்ப்பால் அது 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே 41,000 ஆண்டுக்கு ஒருமுறை சென்று மீள்கிறது. சாய்வு குறைந்த காலத்தில் துருவ நாடுகளின் கோடை வெப்பம் தணியும். சென்ற குளிர்காலப் பனி உருகாமல் எஞ்சும். அதன்மேல் அடுத்த ஆண்டின் பனி படியும். அச்சின் தலையாட்டத்தையும் சுற்றுப்பாதையின் வடிவ மாற்றத்தையும் இதனோடு கூட்டினால், பனியூழிகள் வந்துபோன காலத்தைக் கணித்துவிடலாம் என்பது அவர் துணிபு. சுற்றுப்பாதைக்கும் பனியூழிக்கும் உறவுண்டென அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் குரோல் எழுதியிருந்தார். ஆயினும் எந்த நிலநேர்க்கோட்டில் எக்காலத்தில் எவ்வளவு வெயில் என்று முற்ற முடியக் கணிக்க அன்று எவரும் துணிந்திலர்.

கோள்கள் ஏன் சாய்ந்தன என்ற வினாவினுள் மிலான்கோவிச் புகவில்லை. அதற்கு விடை தேடியவர்கள் பின்வந்தோரே. தட்டையான வட்டொன்றில் திரண்ட கோள்கள் நிமிர்ந்தே சுழன்றிருத்தல் வேண்டும். திரளுங்காலத்து இறுதியில் நேர்ந்த பெருமோதல்களே அவற்றைச் சாய்த்தன என்பது பெரும்பாலார் கொள்கை. 98 பாகை சாய்ந்து படுத்தவாறு உருளும் யுரேனசுக்கும் அவ்வாறே காரணம் கூறுவர். புவியை மோதிய பேருருவின் சிதறல்களினின்றே நிலவு பிறந்தது என்பர். அந்நிலவுதான் இன்று நம் அச்சைப் பிடித்து நிறுத்துகிறது எனப் பிரெஞ்சு அறிஞர் ழாக் லாஸ்கரும் உடனாய்வாளரும் 1993-இல் கணித்துக் காட்டினர். பெருநிலவு இல்லாத செவ்வாயின் அச்சு, நெடுங்காலப் போக்கில் 60 பாகை வரை தடுமாறக்கூடியது. இரவுதோறும் கவிஞர் பாடும் நிலவுக்கு இப்படியும் ஒரு பணி உண்டு.

1914-ஆம் ஆண்டுக் கோடையில் மிலான்கோவிச்சுக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமக்கள் ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசுக்குள் இருந்த அவரது பிறந்த ஊருக்குச் சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. செர்பியக் குடிமகன் என்பதே குற்றமாக, அவர் ஓசியெக் கோட்டையில் அடைக்கப்பட்டார். கதவு பூட்டப்பட்ட முதல் இரவில், உடன் கொண்டுவந்த கைப்பெட்டியைத் திறந்தார். பாதியில் நின்ற கணக்குத் தாள்கள் அதனுள் இருந்தன. தாளும் எழுதுகோலும் எடுத்து எழுதத் தொடங்கினார். நள்ளிரவு கடந்து தலைநிமிர்ந்தபோது, தாம் எங்கிருக்கிறோம் என்பதே அவருக்குச் சற்றுப் புலப்படவில்லையாம். அண்டப் பயணத்தின் இடைவழியில் இரவு தங்கும் விடுதியெனவே அச்சிற்றறை தோன்றியதாம்.

மனைவியின் முயற்சியாலும், அவர்தம் பழைய வியன்னாப் பேராசிரியர் சூபரின் பரிந்துரையாலும் அவ்வாண்டு இறுதியில் அவர் புடாபெஸ்ட் நகருக்கு மாற்றப்பட்டார். நகரை நீங்கக்கூடாது, காவலரிடம் முறையாக வந்து தலைகாட்ட வேண்டும். ஆனால் அங்கேரிய அறிவியல் கழகத்தின் நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. பகைநாட்டுக் கைதிக்கு நூலகக் கதவைத் திறந்துவிட்ட அம்மாந்தரை வரலாறு போற்றியிருக்க வேண்டும். அங்கு உருவான நூல் 1920-இல் பாரிசில் வெளிவந்தது.

அதனைப் படித்த செருமானியத் தட்பவெப்ப அறிஞர் விளாடிமிர் கோப்பன் அவருக்கு எழுதினார். குளிர்காலத்தின் கடுமை பனியூழியைக் கொணர்வதில்லை, கோடையின் தணிவே கொணரும் என்பது அவர் கருத்து. மிலான்கோவிச் ஏறத்தாழ நூறு நாள் இடைவிடாது கணித்து, 6,50,000 ஆண்டுகளின் கோடை வெயிலை வளைகோடாக வரைந்தார். கோப்பனும் அவர் மருகர் வேகனரும் 1924-இல் தம் நூலில் அதனைச் சேர்த்தனர்.

வாழ்நாள் உழைப்பை ஒருங்கே தொகுத்த பெருநூல் 1941-இல் பெல்கிரேடில் அச்சேறி முடியுந்தறுவாயில் இருந்தது. ஏப்பிரல் 6 அன்று செருமானியக் குண்டுகள் நகரைத் தாக்கின, அச்சகம் அழிந்தது. பெரும்பாலான அச்சுத் தாள்கள் கிடங்கில் தப்பின. இறுதித் தாள்களை மீண்டும் அச்சிட்டு நூல் வெளிவந்தது.

ஆயினும் 1950-களில் கதிர்க்கரிமக் கணிப்புகள் அவர் கொள்கைக்கு எதிராகத் தோன்றவே, அறிஞர் பலர் அதனைக் கைவிட்டனர். மிலான்கோவிச் தம் கணக்கில் ஐயுறவில்லை. 1958 திசம்பர் 12 அன்று மறைந்தார்.

1976-இல் ஹேஸ், இம்பிரி, ஷேக்கிள்டன் மூவரும் தென் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எடுத்த படிவுகளைச் சோதித்து ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். நுண்ணுயிர் ஓடுகளின் ஆக்சிஜனில் 4,50,000 ஆண்டுப் பனியின் ஏற்றவிறக்கம் பதிவாகியிருந்தது. அதில் 23,000 ஆண்டு, 42,000 ஆண்டு, 1,00,000 ஆண்டுத் தாளங்கள் தெளிவாகக் கிடைத்தன. நடுவில் நிற்பது அச்சின் சாய்வு.

ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை பனி, சாய்வின் 41,000 ஆண்டுத் தாளத்தையே பின்பற்றியது. பின்னரே நெடிய 1,00,000 ஆண்டுத் தாளத்திற்கு மாறியது. அம்மாற்றம் ஏன் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு தீரவில்லை. சாய்வு இப்போது குறைந்து வருகிறது. இன்னும் ஏறத்தாழ 10,000 ஆண்டில் அதன் தாழ்ந்த எல்லையை எட்டும்.