மேற்குக் கரை இஸ்ரேலியக் குடியேற்றங்கள்

1967 ஜூன் போரில் ஜோர்தானிடமிருந்து கைப்பற்றிய மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் இஸ்ரேல் தன் குடிமக்களுக்காக அமைத்துவரும் ஊர்கள். பாலஸ்தீனச் சிக்கலின் அடிப்படைப் பிணக்குகளுள் இவை முதன்மையானவை.

தோற்றம்

மேற்குக் கரையின் முதல் குடியேற்றமான கெஃபார் எட்சியோன் 1967 செப்டம்பரில் எழுந்தது. 1948 போரில் அழிந்த யூதக் கிராமம் இருந்த இடம் அது. ஆக்கிரமித்த நிலத்தில் சொந்த மக்களைக் குடியமர்த்துவது நான்காம் ஜெனீவா உடன்படிக்கைக்கு முரணானது என்று இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் அதே மாதம் எழுத்தில் தெரிவித்தார். அரசு அதைப் புறந்தள்ளியது. இஸ்ரேல் அமைச்சர் ஈகால் அலோன் வகுத்த திட்டத்தையொட்டி ஜோர்தான் பள்ளத்தாக்கில் குடியிருப்புகள் முளைத்தன. 1974இல் தோன்றிய குஷ் எமுனிம் இயக்கம் விவிலிய உரிமையை முன்வைத்து மலைப்பகுதிகளில் குடியேறியது.

எலோன் மோரே வழக்கு

தொடக்கத்தில் ராணுவத் தேவை என்ற பெயரில் தனியார் நிலங்கள் எடுக்கப்பட்டன. எலோன் மோரே குடியேற்றத்துக்காகத் தம் நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து, 1979இல் நாப்லஸ் அருகே ருஜேப் கிராமத்து நில உரிமையாளர்கள் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சென்றனர். பாதுகாப்புக்கு அந்த இடம் தேவையில்லை என்று முன்னாள் தலைமைத் தளபதி ஹாயிம் பார்-லெவ் அவர்களுக்கு ஆதரவாகப் பிரமாணப் பத்திரம் அளித்தார். குடியேறிகளோ, நிலையாக வாழவே வந்ததாகக் கூறினர். அக்டோபரில் வெளியான தீர்ப்பு கிராமத்தாருக்குச் சாதகமாக அமைந்தது. குடியேற்றம் அருகிலிருந்த வேறொரு மலைக்கு மாறியது.

நில வகைப்பாடு

இத்தீர்ப்புக்குப் பின், தனியார் நிலத்துக்குப் பதிலாக ‘அரசு நிலம்’ என்று அறிவித்த இடங்களில் குடியேற்றங்களை அமைக்க, அரசு 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டத்தைக் கையிலெடுத்தது. அச்சட்டம் நிலத்தை முல்க் (தனியுடைமை), மீரி (அரசுக்கு உரிய, உழுபவர் அனுபவிக்கும் விளைநிலம்), வக்ஃப் (அறக்கொடை), மத்ரூக்கா (பொதுப் பயன்பாடு), மவாத் (தரிசு) என ஐந்தாகப் பிரிக்கிறது. மீரி நிலத்தைப் பத்தாண்டு உழுதவருக்கு அனுபவ உரிமை கிட்டும். மூன்றாண்டு உழாமல் விட்டால் அது பறிபோகலாம். ஊர் எல்லையில் நின்று உரக்கக் கூவினாலும் குரல் எட்டாத நிலம் மவாத். பாறை இடுக்குகளில் கிடைத்த மண்ணில் கோதுமை விதைத்த மலைச்சரிவுகள், பாதியளவுகூடப் பயிரிடப்படவில்லை என்று கூறி ‘அரசு நிலம்’ ஆக்கப்பட்டன. ஜோர்தான் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலமே முறைப்படி பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுப் பணியையும் இஸ்ரேல் 1968இல் நிறுத்திவிட்டது. ஆகவே பட்டா இல்லாத உழவரே தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

சட்ட நிலை

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 446 (1979), 2334 (2016) தீர்மானங்களும், பன்னாட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் வழங்கிய கருத்துரையும் குடியேற்றங்கள் சட்டவிரோதமானவை என்கின்றன. மேற்குக் கரை எந்த நாட்டின் ஒப்புக்கொள்ளப்பட்ட இறையாண்மைக்கும் உட்பட்டிருக்கவில்லை என்பது இஸ்ரேலின் வாதம்; அது உலக அளவில் எடுபடவில்லை.

இன்றைய நிலை

கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக ஏறத்தாழ 5 லட்சம் பேர் குடியேற்றங்களில் வாழ்கின்றனர். 1968இல் நின்ற நிலப் பதிவைத் தன் முழு ஆளுகையிலுள்ள ‘சி’ பகுதியில் தானே மீண்டும் தொடங்க 2025 மே மாதம் இஸ்ரேல் முடிவெடுத்தது.